வாட்லி துரைக்கு இனி பன் கிடையாது

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கொழுந்தன் பிள்ளைகள் இரண்டும் என் கைச்சோற்றில் வளர்ந்தவைதான். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனால் பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்தும் போடுவேன். கைநாட்டு கிடையாது... அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் டைப் பண்ணுவதுதான் இந்தப் பத்தி என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் எங்கள் தெருவில் பெரிய ரகளை.

ஒத்தக்கடையில் எங்கள் தெருவுக்குப் பெயர் வாட்லி துரை தெரு. யார் இந்த வாட்லி? வெள்ளைக்காரன் காலத்து அதிகாரி. தன் குதிரை வரும்போது தலைப்பாகையை அவிழ்க்கவில்லை என்று எங்கள் பூட்டனாரைப் புளியமரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்தவன். அவன் பெயர் என் ஆதார் கார்டில்! என் வீட்டுக்காரர் பெயருக்கு அடுத்த வரியிலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். எனக்கு எப்படி இருக்கும்?

மாற்றச் சொல்லி வருஷக்கணக்காக அலைந்தேன். இப்போதைய கவுன்சிலர்தான் கூட்டம் போட்டார். பெயரை எடுக்க எல்லாரும் கை தூக்கினார்கள். புதுப்பெயர்? ஆளாளுக்கு அவரவர் தாத்தா பெயரைச் சொன்னார்கள். எங்கள் தெருவில் இத்தனை தியாகிகள் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

தையல் கடை பாய்தான் முடித்து வைத்தார். "எதுக்குண்ணே சண்டை? அந்தப் புளியமரத்துப் பேரயே வைங்க. அதுக்குத்தான் பேரன் பேத்தி கெடயாது."

ஆக, புளியமரத் தெரு. மரம் எப்போதோ போய்விட்டது — அதனாலென்ன?

மறுநாள் பழைய பெயர்க்கல்லைப் பெயர்க்கக் கடப்பாரையோடு வந்தார்கள். எதிர்வீட்டுப் பேச்சியம்மா ஓடிவந்து கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஏப்பா, சாமிய நோண்டுறீக?"

மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அவள் வெள்ளிக்கிழமைதோறும் கும்பிடுகிற 'துரைச்சாமி' அந்தக் கல்தான்! படையல் என்ன தெரியுமா? பன், டீ, ஒரு சுருட்டு. துரைக்குப் பொங்கல் ஒத்துக்காதாம்.

"ஏத்தா, இது தெருப்பேரு எழுதுன கல்லு" என்றார் கவுன்சிலர்.

"எம் மகனுக்கு வேலை வாங்கிக் குடுத்தது இந்தக் கல்லா, ஒங்க கட்சியா?"

கவுன்சிலர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "அடியே, எங்க பூட்டன் முதுக உரிச்சவன்டி அவன்!"

"அதான் மதினி, அம்புட்டுத் துடியான சாமி!"

நானே கடப்பாரையைக் குனிந்து எடுத்தேன். அப்போது என் மருமகள் முந்தானையை இழுத்தாள்.

"அத்தை... வேணாம். ஏழு வருசமா பிள்ளை இல்லாம இருந்தப்ப நான் வேண்டிக்கிட்டது இந்தக் கல்லுகிட்டதான். அதான் பாப்பாவுக்குத் துரையரசின்னு..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மாமனார் துரைப்பாண்டி ஞாபகமாக வைத்த பெயர் என்றல்லவா இத்தனை நாள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்? மருமகளும் ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்!

தெருவே என் வாயைப் பார்த்தது. வீட்டுக்குள் ஒரு துரையை வைத்துக்கொண்டு வாசலில் இருக்கிற துரையை எப்படி உடைப்பது?

"சரி, கல்லு இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். "ஆனா தெரு, புளியமரத் தெருதான். போர்டு அவன் தலைக்கு மேல நிக்கணும். அப்புறம், இனிமே படையல் என் பொறுப்பு."

போர்டு வந்துவிட்டது. ஆதாரில் மாற்ற மனுப் போட்டாயிற்று. முந்தாநாள் வெள்ளிக்கிழமை துரைச்சாமிக்குப் பன் இல்லை, டீ இல்லை, சுருட்டும் இல்லை. என் பூட்டனார் குடித்த அதே கேப்பைக்கூழ். கடித்துக்கொள்ள, காரம் கூடின பச்சைமிளகாய் இரண்டு.

குடிக்கட்டும். நம்ம ஊர் சாமியாகணும் என்றால் சும்மாவா?

ஆத்தா துரையரசி, டைப் பண்ணியதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. சிரிக்காமல் வாசி.