கோட்டு மேலயே போ

விழுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பொய்தான் சொல்வார்கள். நாய் குறுக்கே வந்தது என்பார்கள். எவனோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான் என்பார்கள். நான் ஊம் கொட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இருசக்கர வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பட்டறையிலிருந்து இருநூறு அடியில் ரவுண்டானா இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் நாலு ரோடும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். வாரம் ஒரு தடவையாவது கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு குழந்தையை லாரி அடித்த பிறகுதான் அதிகாரிகளுக்கு உறைத்தது. நடுவில் வட்டமாகத் திட்டு கட்டி, நாலு பக்க வாயிலிலும் வேகத்தடை போட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கார்க்காரர்கள் அடங்கினார்கள். நடந்து போகிறவர் யாரும் அதன்பிறகு அங்கே சாகவில்லை. ஆனால் அதற்குப் படம் வரைந்த மகராசன் வாழ்க்கையில் ஒருநாளாவது இரண்டு சக்கரத்தில் போயிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வேகத்தடை வட்டத்தின் வாயிலிலேயே இருந்தது. ஏறி இறங்கினால் வண்டி துள்ளும். துள்ளிய வண்டி நிலைக்கு வருவதற்குள் வலப்பக்கம் சாய்த்துத் திருப்ப வேண்டும். பைக்குக்கு எந்தக் கார்க்காரனும் வழிவிட மாட்டான், கிடைத்த சந்தில் முறுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். அப்படி நுழைந்து சாய்கிற அதே இடத்தில், தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளை அம்புக்குறி. அதைப் போட்டவர் என் அக்காவின் புருஷன்.

மாமா ரோட்டில் கோடு போடுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. இடுப்பில் எப்போதும் ஒரு நூல்கண்டு செருகியிருப்பார் என்பதால் அவருக்கு ‘நூல்’ என்றே பெயர். கொப்பரையில் பெயிண்டை உருக்கி, கொதிக்கக் கொதிக்கத் தள்ளுவண்டியில் ஊற்றி இழுப்பார். முழங்கையில் அது தெறித்த தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். வீட்டில் மேசைமேல் தட்டு கோணலாக இருந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். “உன் மாமாவுக்கு நேராப் போகத் தெரியும், வளைஞ்சு கொடுக்கத்தான் தெரியாது” என்று அக்கா என்னிடம் அலுத்துக்கொள்வாள். என் பட்டறைக்குப் பெயர்ப் பலகை எழுதித் தந்தவரும் அவர்தான். இத்தனை வருஷ வெயிலில் ஓர் எழுத்து உரியவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவரே.

“பாப்பா, கோட்டு மேலயே போ. ஓரத்துல மண்ணு கிடக்கும், நடுவுல எண்ணெய் சிந்தியிருக்கும். கோடுதான் எப்பவும் சுத்தமா இருக்கும். அப்பா போட்ட கோடு உன்னைக் கீழ விடாது.”

அவள் அப்பா செல்லம். அவர் சொன்னால் அவளுக்கு அதற்குமேல் பேச்சே கிடையாது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை, காலை ஏழு மணிக்குப் போயாக வேண்டும். தினமும் என் வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். வேகத்தடையைத் தாண்டி, அந்த அம்பின் வாலில் சக்கரத்தை ஏற்றி, அதன் மேலேயே சாய்ந்து திரும்புவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்ச நாளாக, அவள் வட்டத்தைத் தாண்டுகிறவரை கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன்.

காரணம், அந்த வருஷத் தூறலில் என்னிடம் வந்த ஒன்பது வண்டிகள். ஒன்பதும் வலப்பக்கம்தான் அடிபட்டிருந்தன. பிரேக் பெடல் மடங்கி, சைலன்சர் தேய்ந்து, தேய்ந்த கீறலுக்குள் வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அந்த வெள்ளையை நான் மாமாவின் சட்டையில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதாக வந்தவர் தபால்காரர். தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைத் துணியால் கழுத்தில் தொட்டில் கட்டியிருந்தார். அவர் ஒருவர்தான் பொய் சொல்லவில்லை.

“என்ன ஆச்சுன்னே தெரியலைப்பா. கீழ இருந்த ரோடு திடீர்னு இல்லாம போச்சு.”

அன்று சாயங்காலம் ஒரு பாட்டில் தண்ணீரோடு போய் அம்பின்மேல் ஊற்றித் தடவினேன். கழுவிவைத்த தட்டு மாதிரி கை வழுக்கிக்கொண்டு போனது. வருஷாவருஷம் பழைய பூச்சின் மேலேயே பூசிப் பூசி விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. எனக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் கேட்டேவிட்டேன்.

“மாமா, பெயிண்டோட சொரசொரன்னு மணல் போடணுமாமே. நீங்க போடுறீங்களா?”

“உனக்கு எதுக்குடா அதெல்லாம்?”

“சொல்லுங்களேன்.”

“மணல் போட்டா டயர் அழுக்குப் பிடிச்சு ரெண்டே மாசத்துல கறுத்துப் போகும். வெறும் கண்ணாடிமணி தூவினா லைட்டு பட்டதும் எப்படி மின்னுது தெரியுமா? பெரிய இன்ஜினியரே வந்து கையைக் குடுத்துட்டுப் போனாரு.”

“மின்னுது மாமா. மழை பெஞ்சா வழுக்குது. ஒன்பது வண்டி வந்திருக்கு என்கிட்ட. பாப்பா தினம் அது மேலதான் போறா.”

அவர் முகம் சுண்டிப்போனது. “ஓட்டத் தெரியாதவன் விழுந்தா அதுக்கு என் கோடா காரணம்? முப்பது வருஷமா போடுறேன். வா, நானே காட்டுறேன்.”

மத்தியானம் ரோடு காலியாக இருந்த நேரம். குடும்பமே நடைபாதையில் வந்து நின்றது. மாமா அம்பின்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தன் பழைய மொபெட்டில் ஏறி வட்டத்தை மூன்று தடவை சுற்றினார். மூன்று தடவையும் அம்பின்மேலேயே போனார், விழவில்லை. அக்கா கைதட்டினாள். “மாமா, உங்க முகத்தைப் பாருங்களேன்!” என்று பாப்பா என்னைக் காட்டிச் சிரித்தாள்.

அவர் ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும். நடக்கிற வேகத்தில் தூண் மாதிரி நிமிர்ந்து போனார். பின்னால் ஹாரன் அடித்து நெருக்க ஒரு பஸ் இல்லை. வாளித் தண்ணீரும் முதல் மழையும் ஒன்றில்லை, மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில்தான் கிளம்பி மேலே வரும். இவ்வளவும் என் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள், அசடு மாதிரி நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதன்பின் இரண்டு மாதம் ஒரு சொட்டு மழை இல்லை. மாமா என் பட்டறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் அவராகவே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பெயர்ப் பலகையைப் பார்த்தபடி சொன்னார்:

“அடுத்த வாரம் அந்த அம்பைச் செதுக்கி எடுத்துட்டுப் புதுசாப் போடலாம்னு இருக்கேன். மணலுக்குச் சொல்லியாச்சு.”

“நல்லது மாமா” என்றேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அவ்வளவு இறங்கி வந்ததே அவருக்குப் பெரிய காரியம். மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஒரு மணல் மூட்டை கிடந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மழை அடுத்த வாரம்வரை பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் பட்டறையைத் திறக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு முதல் சொட்டு விழுந்தது. பத்து நிமிஷத்தில் ரோடு பளபளக்க ஆரம்பித்தது, டயர்கள் போன தடத்தில் சோப்பு நுரை மாதிரி பொங்கியது. பாப்பாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமாவுக்குப் போட்டால் அக்கா எடுத்தாள்.

“அவரு போனை வச்சிட்டுப் போயிட்டாருடா. மழை பெய்யுறதைப் பார்த்தாரு, மணல் மூட்டையைத் தூக்கி மொபெட்டுல வச்சாரு, செருப்புகூடப் போடாம கிளம்பிட்டாரு. என்னடா ஆச்சு?”

“பாப்பா எங்க?”

“அவ அப்பவே போயிட்டாளே.”

போனைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஹாரன் இரண்டு தடவை கேட்டது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக என்னைத் தாண்டிப் போனாள்.

“கோட்டை விட்டு இறங்கு! பாப்பா, இறங்கு!”

தொண்டை கிழியக் கத்தினேன். அவள் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். வழக்கம்போல நான் டாட்டா காட்டுவதாக நினைத்திருப்பாள்.

வேகத்தடையில் ஸ்கூட்டர் துள்ளியது. ஒரு காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சந்து கிடைத்தது, முறுக்கினாள். அம்பின் வாலில் சக்கரம் ஏறியது. சாய்ந்தாள். பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி நீளமாக ஒன்று கேட்டது. பஸ்காரர் உயிரைக் கொடுத்து பிரேக் அடித்ததில் பஸ் அவள் தலைக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

நான் ஓடிப்போய் ஸ்கூட்டரைத் தூக்கினேன். அவளுடைய வலது கால், கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கிக் கிடந்தது. அதே ரோட்டில் பின்னாலேயே மாமா வந்தார். நிறுத்தக்கூடத் தோன்றாமல் மொபெட்டை அப்படியே கீழே விட்டார். மூட்டை கிழிந்து மணல் மழைத் தண்ணீரோடு கரைந்து ஓடியது. அவர் அம்பின்மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவள் ஹெல்மெட்டைக் கழற்றினார். வலியில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் வலியைவிட அப்பா திட்டுவாரோ என்ற பயம்தான் அவள் கண்ணில் இருந்தது. அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கோட்டை விட்டு இறங்கவே இல்லப்பா. சத்தியமா. நீங்க சொன்ன மாதிரி அது மேலயேதான் வந்தேன்.”