ஓரகத்தியின் துருப்பிடித்த தோட்டம்

லெட்சுமி கை வைத்தால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்று வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது லெட்சுமிக்கும் தெரியும். நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தாலும், வாசலில் நிற்கும் டேலியாக்களை ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் முகம் கழுவுவாள். கோயில் திருவிழா வந்தால் சாமிக்கு முதல் மாலை அவள் வீட்டுப் பூவில்தான். யார் வந்து செடி கேட்டாலும் கொடுப்பாள். கத்தரிப்பூ நிறத்து டேலியாவை மட்டும், "இது இன்னும் கிழங்கு வைக்கலப்பா" என்று தட்டிக்கழித்துவிடுவாள்.

இப்படி இருந்தவளுடைய நிம்மதி வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு பிரேமினி வந்ததோடு போயிற்று. பிரேமினி அவளுடைய ஓரகத்தி. லெட்சுமியின் கொழுந்தன் நிரஞ்சன் நோர்வூட்டில் பெண் எடுத்து, கூட்டிவந்து குடிவைத்துவிட்டு, கொழும்பில் கடை வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். தனியாக இருந்த பிரேமினி போனில் எதையோ பார்த்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் கிடந்த தண்ணீர் கொதிக்கவைக்கிற ஓட்டைக் கேத்தல் ஒன்றை எடுத்து வந்தாள். அதன் வயிற்றை ஒரு பக்கம் வெட்டித் திறந்தாள். உள்ளே மண் போட்டு, ஓடைக்கரைப் பாசியைப் புல்வெளி மாதிரிப் பரப்பி, விரல் நீளப் பெரணிச் செடி இரண்டை நட்டு, கூழாங்கல்லால் ஒரு பாதையும் போட்டாள். பார்த்தால் கேத்தலுக்குள் ஒரு மலையே இருந்தது.

அதற்குப் பிறகு எந்தத் துருப்பிடித்த சாமானும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. கண்ணாடி போன லாந்தர், மூடி கழன்ற இஸ்திரிப்பெட்டி, தேய்ந்துபோன மண்வெட்டி எல்லாம் அவளுடைய வாசலில் குட்டிக் குட்டித் தோட்டங்களாக உட்கார்ந்தன. லயத்துச் சனம் கூட்டமாக வந்து பார்த்தது. லெட்சுமியும் போனாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் தன் டேலியாக்களை இன்னொரு சுற்றுப் பார்த்தாள்.

ஒருநாள் மலையிலிருந்து வந்தபோது, அவளுடைய புருசன் அழகுமுத்து ஆணியும் சுத்தியலுமாக பிரேமினி வாசலில் குந்தியிருந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"லாந்தருக்கு அடியில ஓட்டை போடுறேன். தண்ணி வடியாட்டி வேர் அழுகிரும்னு பிரேமினி சொல்லுது."

"ஓ. அது சொல்லித்தான் உங்களுக்கு அதெல்லாம் தெரியுதாக்கும்."

சமைக்கிற குசினியில் ஒற்றை ஆணியில் தொங்கும் சாமான் தட்டுக்கு இன்னொரு ஆணி அடிக்கச் சொல்லி லெட்சுமி வாய் வலித்துப்போயிருந்தாள். அன்றைக்குச் சோற்றை அவர் முன்னால் வைத்த வேகத்தில் குழம்பு சிந்தியது.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களின் வேன்களும் மேல் ரோட்டில் நிற்க ஆரம்பித்தன. ஒருமுறை யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று இறங்கி வந்தது. கேத்தல் முழுதாகப் படத்தில் விழவேண்டுமென்று பின்னால் நகர்ந்த பெண்பிள்ளை லெட்சுமியின் பாத்தியில் கால் வைக்க, கத்தரிப்பூ நிற டேலியா தண்டோடு முறிந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி! இதெல்லாம் அந்த அக்காவோ செய்யிறவ? எவ்வளவு வடிவா இருக்கு!"

முறிந்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு லெட்சுமி நின்றாள். அந்தப் பெண் பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரேமினி சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தாள். அழகுமுத்து விறகுக்குப் போயிருந்தார். பழைய இரும்பு எடுக்கிறவரின் சின்ன லொறி ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா, இரும்பு, தகரம் ஏதும் இருக்கா? மாத்துக்கு பிளாஸ்டிக் பேசின் தாரேன்."

இல்லை என்று சொல்லத்தான் லெட்சுமி வாயெடுத்தாள். அதற்குள் அவர் பார்வை பக்கத்து வாசலுக்குப் போய்விட்டது. "அதெல்லாம் குடுக்கிறதா?"

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்து, மண்ணைத் தட்டி, லொறியில் எறிந்தார். பச்சை பேசின் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தரையில் பெரணிகள் வேரை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன. லெட்சுமியால் அதைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் எல்லாவற்றையும் பேசினுக்குள் அள்ளிப்போட்டு, ஈரச்சாக்கால் மூடித் தன் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தாள்.

பிரேமினி வந்தாள். வெறும் வாசலைப் பார்த்தாள்.

"அக்கா, என் சாமானெல்லாம் எங்க?"

"பழைய இரும்புக்காரன் வந்தான். குப்பைன்னு நெனச்சு அள்ளிட்டான் போல. நான் உள்ள இருந்தேன்."

எதிர் வீட்டுக் காளியாயி சும்மா இருக்கவில்லை. "ஏன் லெட்சுமி பொய் சொல்ற? பேசின் வாங்குனது நீதானே?"

பிரேமினி சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "உங்களுக்குப் பொறாமை, அக்கா. வேற ஒன்னுமில்ல."

"எனக்கா? உன் ஓட்டைக் கேத்தலப் பாத்தா?"

 லயம் முழுக்க வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தது. விறகோடு வந்த அழகுமுத்துவிடம் காளியாயி நடந்ததைச் சொன்னாள். அவர் விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு, "வா, போய் எடுத்துட்டு வருவோம்" என்று லெட்சுமியைக் கூப்பிட்டார்.

தலவாக்கலையில் லொறிக்காரரின் இரும்புக் கடையைத் தேடிப் பிடித்தார்கள். கேத்தல் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. மற்றதையெல்லாம் குவியலுக்குள் துழாவி எடுத்தார்கள். அப்போதுதான் லெட்சுமி அந்தத் தராசைக் கண்டாள். கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு. வட்ட முகத்தில் கண்ணாடி இல்லை, முள் மட்டும் துருவேறி நின்றது. இந்த மாதிரித் தராசுக்கு முன்னால் எத்தனை வருசம் கைகட்டி நின்றிருப்பாள்! அவள் பறித்த கொழுந்தில் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோவைக் கழித்த முகம். இந்த வட்டத்துக்குள் பாசி வைத்தால் எப்படியிருக்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது.

"அதுவும் வேணுமா?" என்றார் அழகுமுத்து.

"ம்."

திரும்பி வந்து, சாமானையும் செடிகளையும் பிரேமினி வாசலில் வைத்தாள். "கேத்தல் நசுங்கிருச்சு. நான்தான் குடுத்தேன்."

பிரேமினி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பல வாரங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அந்த வாரங்களில் லெட்சுமி பின்பக்கத்தில் தராசோடு மல்லுக்கட்டினாள். டேலியாவுக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீர் ஊற்றியதில் முதல் பாசி அழுகி நாறியது. பிரேமினி மண்ணுக்கு அடியில் கரித்துண்டு போடுவதை வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டாள். கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஒருவழியாகப் பாசி பிடித்தது. முள்ளைச் சுற்றிக் குட்டிப் பெரணிகள் எழுந்தன. தராசை வாசலில் தொங்கவிட்டாள்.

வேனில் வருகிறவர்கள் அப்போதும் முதலில் பிரேமினி வாசலுக்குத்தான் போனார்கள். லெட்சுமிக்கு வயிறு எரிந்தது. பிறகுதான் ஒருவர் தராசைப் பார்த்து மற்றவர்களைக் கூப்பிட்டார்.

ஒரு சாயங்காலம் பிரேமினி வந்து தராசின் முன்னால் நின்றாள். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது எங்க கெடைச்சுது அக்கா?"

"ஒன் சாமானத் தேடிப் போன எடத்துல."

"அன்னைக்கு நானும் வந்திருக்கணும்." அவள் கண் முள்ளைவிட்டு நகரவில்லை.

அந்தப் பார்வையை லெட்சுமிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாகத் தன் முகத்தில் இருந்ததுதான் அது. மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

"வேணாங்கக்கா" என்று பிரேமினி போய்விட்டாள்.

மறுபடியும் ஞாயிறு வந்தது. பிரேமினி வெறும் உரப்பையோடு வாசலிறங்கினாள். தலவாக்கலைக்குத்தான், இரும்புக் கடைக்குத்தான். லெட்சுமி அடுப்பிலிருந்த சட்டியை இறக்கினாள். செருப்பை மாட்டினாள். இவளைத் தனியாக விட்டால் நல்லதையெல்லாம் இவளே பொறுக்கிவிடுவாளே என்ற பயம் அவளை உள்ளே இருக்கவிடவில்லை.

"இரு புள்ள, நானும் வாறேன்!" என்று கத்திக்கொண்டே பஸ் ரோட்டுக்கு ஓடினாள்.