காற்றில் ஓடிய வானொலி

கனகசுந்தரம் பிறந்தது சம்பூரில், வளர்ந்தது சம்பூரில், படித்தது பத்தாம் வகுப்பு வரை. ஆனால் வாயைத் திறந்தால் பெரிய விஞ்ஞானி! இதைப் பூரணி தன் புருசனின் காதுபடவே சொல்வாள்.

யுத்தக் காலம். சம்பூர் போராளி இயக்கத்தின் கையில். விரிகுடாவுக்கு அக்கரையில் திருகோணமலை நகரம் அரச ஆமியின் கையில். ஊரில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சனம் சும்மா இருந்ததா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்டது. பூரணிக்கு அது போதும். நகரத்தில் அண்ணன் வீட்டில் அவள் தாய் அன்னலட்சுமி படுத்த படுக்கை. ஏதும் நடந்தால் வானொலியில் மரண அறிவித்தல் கொடுப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட கையோடு பக்கத்து மூதூரில் லோஞ்ச் படகு ஏறினால், பிரேதம் எடுக்கமுதல் முகத்தைப் பார்த்துவிடலாம்.

பெடல் சுற்றுவது நம் விஞ்ஞானிக்குக் கௌரவக் குறைவு.

"காத்தில இருந்து மின்சாரம் அறுவடை செய்யப் போறன். பிறகு பார், இதாலயே அக்கரையோட கதைக்கவும் ஏலும்."

"முதல்ல வயலை அறுங்கோ. நெல்லுக் கொட்டுண்டு போகுது."

யார் கேட்டது? தகரத்தை வெட்டிக் காற்றாடி செய்து பனையில் ஏற்றினார். ஒரு டைனமோ போதாதாம். பக்கத்து வீட்டு இராசமலரின் சைக்கிளில் இருந்ததையும் கேட்டு வாங்கிக் கழற்றினார். அந்தத் தெரு ஒழுங்கையில் இருந்த டைனமோவே இரண்டுதான். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போன மனுசன்!

கச்சான் காற்று வீசியபோது வானொலி பாடியது, இல்லையென்று சொல்லக்கூடாது. முற்றம் நிறையச் சனம். அவர் கதிரையில் கால்மேல் கால் போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அப்படியான ஒரு மத்தியானம்தான் மரண அறிவித்தல் போனது.

"திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி அன்னலட்சுமி..."

காற்று நின்றது. வானொலியும் நின்றது.

"ஐயோ, டைனமோவை இறக்குங்கோ! சைக்கிளில பூட்டுங்கோ!" பூரணி கத்தினாள்.

"பொறு பூரணி, இப்ப காத்து வரும். அன்னலட்சுமி எண்டு திருகோணமலை ரவுணில எத்தினை பேர் இருக்கினம்!"

காற்று வரவில்லை. மரமேறும் ஆளைப் பிடித்துப் பனையில் ஏற்றி, டைனமோவை இறக்கிச் சைக்கிளில் பூட்டியபோது, வானொலி சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பூரணி அன்று லோஞ்சுக்கு ஓடியிருக்க வேண்டும். அந்தாளின் கதையை நம்பி நின்றுவிட்டாள்.

மறுநாள் மனம் கேட்காமல் அக்கரைக்குப் போனாள். அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலுக்கு வந்தான்.

"நேற்றுப் பின்னேரமே எடுத்திட்டம், தங்கச்சி. றேடியோவில அறிவிச்சனாங்கள்தானே? கடைசி வரைக்கும் உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

அவள் படியிலேயே குந்தி அழுதாள்.

இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, ஊர் திரும்பி, வீட்டுக்குக் கரண்டும் வந்துவிட்டது. கனகசுந்தரம் மாறவில்லை. யார் வந்தாலும் அந்தத் துருப்பிடித்த காற்றாடியைத் தூக்கிக் காட்டுவார்.

"பற்றரி இல்லை, பெடல் இல்லை. வெறும் காத்து! அந்தக் காலத்திலயே வேலை செய்தது."

குசினி அடுப்படியில் இருந்து பூரணி சொல்வாள்:

"ஓம், ஓம். வேலை செய்தது. என்ர அம்மான்ர பேர் வரைக்கும் வேலை செய்தது. அதுக்கங்கால ஏலாமல் போட்டுது."