மூக்கைக் கடன் கேட்டவர்

துவாக்குடியில் பஸ் ஏறிய ஒரு வேதியியல் ஆராய்ச்சி மாணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டிய கன்னம், மஞ்சள் கறை படிந்த விரல்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சட்டைக் கையை நீட்டுவது அவர் வழக்கமாம். என்னிடமும் நீட்டினார்.

“என்ன வாடை அடிக்குதுன்னு மோந்து பார்த்துச் சொல்லுங்க சார். லேப்ல இருந்து இருந்து என் மூக்குக்கு எதுவும் தெரியறதில்லை.”

“டாக்டரைப் பார்க்கலையா தம்பி?”

“பார்த்தேங்க. அவர் லேப்பை விடச் சொல்றார். எங்க பேராசிரியர் டாக்டரை விடச் சொல்றார்.”

மோந்தேன். “கேஸ் சிலிண்டர் ஒழுகுற மாதிரி இருக்கு.”

அவர் முகம் வெளிறியது. “அப்ப லேப்ல புகையை வெளியே இழுக்குற ஃபேன் ஓடல. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க.” உடனே போன் செய்து அவர்களை வெளியே வரச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை போலும். போனை என்னிடம் கொடுத்தார்.

“ஆமாங்க, நாறுது. வெளிய வாங்க” என்றேன்.

அவர்கள் வந்துவிட்டார்கள். ஃபேன் நின்றுதான் போயிருந்ததாம்.

திருவெறும்பூரில் இறங்கும்போது, “நாளைக்கும் இதே பஸ்ஸாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆனால் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. மூக்கு குணமாகிவிட்டதா, வேறு மூக்கு கிடைத்துவிட்டதா என்று இன்றும் தெரியவில்லை.