வாயில் குண்டூசி

கடையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்களுக்கான கோட்டுக் கடை. கண்ணாடி முன் நிற்பவருக்குக் கை நீளமும் இடுப்பளவும் பார்த்துக் குண்டூசி குத்தி, பின்னறையில் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. தையல் சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது.

எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். தோளில் பஞ்சு திணித்த கோட்டைப் போட்டால் தோள் முதலில் வாசலைத் தாண்டும், ஆள் பிறகுதான் வருவான். இடுப்பைப் பிடிக்கும் கோட்டு வாங்குவதானால் சாப்பாட்டுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். தரையைத் தொடும் நீளக் கோட்டு இருக்கும் வீட்டில் துடைப்பம் தேவையில்லை. முழங்கையில் கிழிசலோடு வந்த கோட்டுக்குத்தான் விலை அதிகம் என்று தெரிந்த அன்று, "எங்க வீட்டுல பீரோ நிறைய இந்த மாதிரி டிசைனர் துணி இருக்கு சார்" என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிட்டாள். மனிதர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அன்றே ஒரு சட்டம் போட்டார்: கண்ணாடி முன் ஆள் நிற்கும்வரை அவள் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்க, வேலையை மறந்துடுங்க."

அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தம்பி வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து அவன் கூனிக் குறுகித்தான் நடந்தான். அவள் என்ன சீண்டினாலும் சிரிப்பதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தத் தம்பி ஒருநாள் கடைக்கு வந்து நின்றான். மறுநாள் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வாம். அத்தனை கோட்டுகள் இருக்க, அவன் கண் எதன்மேல் போக வேண்டும்? மயில் கழுத்து நிறத்தில், பளபளக்கும் காலரோடு, யாரும் சீந்தாமல் தொங்கிக்கொண்டிருந்த டிசைனர் கோட்டின்மேல்.

அதைப் போட்டுக்கொண்டு அவன் வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குண்டூசிகளை இறுக்கிக் கவ்விக்கொண்டாள். அவனோ கண்ணாடியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு? உண்மையச் சொல்லு."

முதலாளி பக்கத்திலேயே நின்றார். தலையை ஆட்டிவிட்டால் வேலை தப்பும். ஆனால் இந்தக் கோலத்தில் போய் அவமானப்பட்டுத் திரும்பினால், தம்பி இனி எழுந்திருக்க மாட்டான். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டில் குத்தினாள். முதலாளியின் முகம் வெளிறியது.

"பேண்டு வாசிக்கப் போறவன் மாதிரி இருக்கடா," என்றாள். "ஆனா ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் நீ நிமிர்ந்து நிக்கிற. அதுக்காகவே இதை எடுத்துக்கோ, காசை என் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும். காலர் மேல சாதாத் துணி வச்சு நான் தச்சுத் தர்றேன். நாளைக்கும் இப்படியே நில்லு, போதும்."

தம்பி ஒரு கணம் திருதிருவென்று விழித்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது.

முதலாளி கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராலயும் விக்க முடியாததைத் திட்டியே வித்துட்டீங்க. இந்தத் தடவை பொழச்சுப் போங்க," என்று சொல்லிவிட்டுப் பில் போடப் போனார்.

அடுத்த வாரம் தம்பி மறுபடி வந்தான். கறுப்பில் ஒரு சாதாரணக் கோட்டு, மார்பில் ஹோட்டலின் சின்னம். கை நீளம் விரல்வரை இறங்கியிருந்தது.

"அங்க குடுத்ததுக்கா. கொஞ்சம் சின்னதாக்கணும்."

"ஊசியெல்லாம் வேண்டாம்மா," என்று முதலாளியே மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "தைரியமாச் சொல்லுங்க, கோட்டு எப்படி இருக்கு?"

உலகத்திலுள்ள கோட்டுக்கெல்லாம் அபிப்பிராயம் வைத்திருந்தவள் மார்பிலிருந்த சின்னத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். அவளாகவே நாலு குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்து அளவெடுக்க ஆரம்பித்தாள்.