ஒரு கண் மூடாமல் சொன்ன செபமாலை

முகம் கோணினது ஒரு மாசி மாதக் காலமை. டென்மார்க்கில எஸ்பியர்க் எண்ட ஊரில இருந்தன். மீன் பக்டரிக்கு வெளிக்கிட முன்னம் வாய் கொப்பளிச்சன். தண்ணி வலப்பக்கத்தால வழிஞ்சு சட்டையை நனைச்சுப் போட்டுது. கண்ணாடியைப் பாத்தன். வலது கன்னம் தொங்குது. வாய் இடப்பக்கம் இழுபடுது. வலது கண் மூடுதே இல்லை. பாரிசவாதம் எண்டு நினைச்சு அப்பிடியே நிலத்தில குந்திட்டன். எனக்கு அப்ப முப்பத்தொரு வயசு.

என்னோட அறையில இருந்த அன்ரனி அண்ணைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாரிசவாதம் இல்லையாம், முகத்துக்குப் போற நரம்புதான் வேலை செய்யேல்லையாம். கண் காயாமல் விட மருந்தும், படுக்கேக்க இமையை ஒட்ட பிளாஸ்டரும் தந்தினம். கனபேருக்குச் சில மாதத்தில மாறும், சிலபேருக்கு முழுசா மாறாது எண்டு டொக்டர் சொன்னார். எனக்குக் கடைசியாச் சொன்னது மட்டும்தான் காதில ஏறிச்சுது.

என்ர மனிசி றெஜினா மன்னாரில. நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்க வயித்தில இருந்த மகளுக்கு ரெண்டு வயசு, என்னைக் கண்டதேயில்லை. டென்மார்க்கில தமிழாக்களின்ர குடும்ப விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம் அது. மாதம் ஒரு கசற்றில கதைச்சு, ஒரு படமும் வைச்சு அனுப்புவன். அதுதான் எங்கட குடும்ப வாழ்க்கை. முகம் கோணினாப்பிறகு வெக்கத்தில படத்தை நிப்பாட்டிப்போட்டுக் கசற்றை மட்டும் அனுப்பினன். உதடு ஒட்டாமல் சொல்லெல்லாம் குழறுது. ஆனாலும் வருத்தத்தைப் பற்றி மூச்சு விடேல்லை. எனக்கு அவ்வளவு கெட்டித்தனம்.

பதில் வந்துது. "குடிச்சுப்போட்டுக் கதைக்கிறியள். படமும் இல்லை. அங்க ஆரும் இருந்தால் சொல்லிப்போடுங்கோ."

விம்மி விம்மி அழுதன். பிறகு எங்கட மன்னார்ப்பக்கத்து மடுக்கோயில் மாதாவின்ர படத்துக்கு முன்னால முழங்காலில நிண்டன். சின்னனில இருந்து கண்ணை மூடித்தான் செபமாலை சொல்லிப் பழக்கம். இப்ப வலது கண் மாதாவையே பாத்துக்கொண்டு நிக்குது. எனக்குக் கோவம் வந்திட்டுது. "சரி அம்மா, பாருங்கோ. இந்த மூஞ்சையோடதான் கேக்கிறன். முகம் கோணலா இருந்தாலும் இருக்கட்டும். றெஜினா என்னை நம்ப வேணும். அவையை இஞ்ச கொண்டுவந்து சேருங்கோ" எண்டன். எழும்பேக்க மனம் லேசாப் போச்சுது.

அடுத்தநாள் அன்ரனி அண்ணையைப் படமெடுக்கச் சொன்னன்.

"சிரியடா" எண்டார்.

"சிரிச்சால் கோணல் தெரியும் அண்ணை."

"தெரியத்தானே எடுக்கிறம்."

எல்லாத்தையும் எழுதிப் படத்தையும் வைச்சு அனுப்பினன். ஒண்டரை மாதத்தால றெஜினாவின்ர கடிதம் வந்துது. "குடிகாரன் எண்டதுக்கு மன்னியுங்கோ. மடுவுக்கு நேத்தி வைச்சிருக்கிறன். மகள் உங்கட படத்தைப் பாத்துத் தானும் வாயைக் கோணிக்கொண்டு வீடு முழுக்கத் திரியிறாள்." எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போட்டுது. அன்ரனி அண்ணை என்னையே பாத்துக்கொண்டிருந்தார். "டேய், வலப்பக்கமும் ஆடுதடா" எண்டார். அண்டைக்கு ரெண்டுபேரும் கோழி வாங்கிக் கறி வைச்சுச் சாப்பிட்டம்.

கோடை முடியிறதுக்குள்ள முகம் நேராயிட்டுது. அவையை இஞ்ச கொண்டுவர மாதா அடுத்த வருசம் வரைக்கும் காக்க வைச்சா. நானும் விடேல்லை, நாள் தவறாமல் கேட்டன்.

கடைசியா விசா கிடைச்சு, விமான நிலையத்தில றெஜினா மகளைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால நிண்டாள். சுகமோ எண்டுகூடக் கேக்கேல்லை.

"கண்ணை மூடுங்கோ பாப்பம்."

மூடினன். நெத்தியில அவளின்ர பெருவிரல் சிலுவை போட்டுது. பிறகு ஒரு சின்ன விரல் என்ர வலது இமையைத் தொட்டுப் பாத்துது.

"அம்மா, மூடிட்டார்" எண்டாள் மகள்.

சகோதரங்களே, அதுக்குப் பிறகு நான் வீட்டிலயும் ஒண்டையும் ஒளிக்கிறதில்லை, மாதாவிட்டயும் ஒளிக்கிறதில்லை. நீங்களும் இருக்கிற முகத்தோடயே போய்க் கேளுங்கோ. களைச்சால் என்ர வலது கண் இப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் மூடும். அந்தக் கொஞ்ச நேரம் மாதாவுக்கு நன்றி சொல்லுறன்.