இல்லை என்பது முதல் விலை

வறுத்த கொண்டைக்கடலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இடக்கையில் ஒரு மின்பலகையைப் பிடித்தபடி, வலக்கையால் ஸ்கோப்பின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள் பஹீஜா. பள்ளிக்கூடம் போகப் பிள்ளையை எழுப்புகிற தட்டு. "எழுந்திரு கண்ணு, வேலை வந்திருக்கு." திரையில் பச்சைக் கோடு துள்ளி எழுகிறது. மின்சாரத்தின் அலையைக் கோடாக வரைந்து காட்டும் இந்த ஆஸிலாஸ்கோப் இல்லாமல் பழுது பார்ப்பது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போல என்பாள்.

காஸாபிளாங்காவில், டர்ப் கல்லெஃப் பழைய சந்தையின் தகரக் கூரைக்கு அடியில் அவள் கடை. ரொட்டி அடுப்பு, மின்தூக்கி, ஹம்மாம் என்கிற பொதுக் குளியல் கூடத்தின் கொதிகலன் என்று எதன் மூளை கெட்டாலும் இங்கேதான் வரும். ஜெல்லாபா அங்கியின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் இறுக்கியிருப்பாள். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும். அதைச் சந்தை முழுக்கத் தேடுவாள். பொறியியல் பட்டம் வாங்கியவள் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கேட்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள். "நான் தொட்டு எழுந்திரிக்காதது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அதுவும் ஞாயித்துக்கெழமை மட்டும்."

குசலம் விசாரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உடம்பு நலமா, வீட்டில் நலமா, பிள்ளைகள் நலமா, அம்மாவின் முழங்கால் நலமா என்று ஆரம்பித்தால் அது ஒரு நெடுஞ்சாலை. ஒருமுறை மின்வாரியத்து ஆள் கம்பியைத் துண்டிக்க வந்தான். பஹீஜா விசாரிக்கத் தொடங்கினாள். அவனுடைய சித்தப்பாவின் கழுதை வரைக்கும் வந்தபோது அவனுக்கு வேலை நேரம் முடிந்துபோய், சலாம் வைத்து விடைபெற்றுக்கொண்டு திரும்பினான். கழுதைக்கு அப்போது சளி. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று யாராவது சொல்லலாம். கழுதை இருந்தது மட்டும் நிஜம்.

எதிர்க்கடை பூஷயிப் வேறு ஜாதகம். பூட்டு என்று பெயர் வைத்த எதையும் திறந்துவிடுவான். பஹீஜா வாங்கிய ஸ்கோப் கம்பெனியின் சின்ன மாடல். சின்னதும் பெரியதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். சின்னதற்கு மட்டும் கம்பெனிக்காரன் மென்பொருளால் காலைக் கட்டியிருந்தான். அந்தக் கட்டை ஒரு தேநீர் ஆறுவதற்குள் அவிழ்த்துக் கொடுத்தவன் பூஷயிப். "கேக்கறவன் பிச்சைக்காரன், திறக்கறவன் ராஜா" என்பது அவன் வேதம்.

ஆனால் அவனும் கைவிரித்த ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. நெடுநேரம் காத்திருக்கச் சொன்னால் ஸ்கோப் உறைந்துபோகும். கோடு அப்படியே நிற்கும். பொத்தானை அழுத்தினாலும் அசையாது. "பூட்டுன்னா திறப்பேன்க்கா. இது நோய். உள்ள என்ன எழுதியிருக்கான்னே தெரியாம நான் எங்கே குத்தறது?" என்றான் பூஷயிப்.

அந்த நோய்தான் பஹீஜாவைச் சந்திக்கு இழுத்தது.

ஹாஜ்ஜா தாமூவின் ஹம்மாமில் கொதிகலனின் தீ, காரணமே இல்லாமல் அணைந்துகொண்டிருந்தது. அதுவும் நாள் பார்த்தா அணைய வேண்டும்! வியாழக்கிழமை, மணப்பெண்கள் தோழிகளோடு குளிக்க வரும் நாள். தலையெல்லாம் குளியல் மண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மேல் மலைத்தண்ணீர் விழுந்தால் எந்தக் கல்யாணம் விளங்கும்? ஹாஜ்ஜா நீராவிக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏண்டி பஹீஜா, ரமலானுக்கு முன்னாடி இதைச் சரி பண்றியா, இல்ல இறக்குமதிக்காரனைக் கூப்பிட்டு மொத்தத்தையும் பிடுங்கிப் போடட்டா? சந்தைக்காரி கைவைத்தியத்தோட லட்சணத்தை ஊர் பூரா சொல்லுவேன்."

"ஹாஜ்ஜா, ரமலானுக்குள்ள நான் பிடிக்கலேன்னா என் கடைப் பலகையை நானே இறக்கிடறேன்."

சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன இடம் ஹம்மாம். குவிமாடத்தில் மோதி, சுவரில் மோதி, ஈரப் பெண்களின் காதுகளில் மோதி, வாசலைத் தாண்டும்போது அது சத்தியமாகிவிட்டது.

தீ அணைவதற்குக் காரணம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகிற ஏதோ ஒரு மின்துடிப்பு என்று பஹீஜாவுக்குத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஸ்கோப் நாளெல்லாம் காவல் இருக்க வேண்டும். காவல்காரனோ தூங்கிவிடுகிறான்.

அப்போதுதான் ஸ்கோப்போடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தை, யாரும் படிக்காத எறும்பெழுத்துகளை, அவள் சந்தைக்கே உரக்க வாசித்தாள். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் அடித்தளம் உலகப் பொதுவில் எழுதப்பட்டது; கேட்பவர்க்கு அதன் மூல நிரல் வட்டில் அனுப்பி வைக்கப்படும்.

"அனுப்புவான், அனுப்புவான்" என்று பூஷயிப் சிரித்தான். "நீ எழுதுக்கா. அவன் பதில் போடறதுக்குள்ள உன் பேத்திக்குப் பல்லு விழுந்திடும்."

"டேய், பக்கத்து வீட்ல புளிச்ச மாவு வாங்கி ரொட்டி சுட்டவ, நாளைக்கு அவகிட்ட ஒருத்தி மாவு கேட்டு வந்தா இல்லைங்கலாமா? யார் யாரோ எழுதிப் பொதுவுல வெச்ச மாவு இது. எடுத்தவன், கேட்டவனுக்குக் கொடுக்கணும். அதான் பேச்சு."

உறைமோருக்குப் பொய் சொல்கிற வீடு உருப்படாது என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

பஹீஜா எழுதினாள். எழுதினாள் என்றால் எப்படி? நலமா, குடும்பம் நலமா, உங்கள் ஊரில் மழை எப்படி, தாயாரின் முழங்கால் எப்படி என்று ஒரு முழுப் பக்கம். அதற்குக் கீழே இரண்டு வரியில் மூல நிரல். மறுமுனையில் வென்ஜிங் என்றொரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது: இந்த மாடல் வழக்கொழிந்துவிட்டது, உதவ இயலாது, நாள் இனிதாகட்டும்.

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு தலையில் துணியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பஹீஜா முகத்தில் வெயில் அடித்தது. "முதல் விலை சொல்லியிருக்காங்க" என்றாள்.

"அக்கா, அது இல்லைங்கறாங்க."

"இல்லைங்கறது முதல் விலைதான்டா. நீ சந்தையில பொறந்தவன்தானே?"

மறுபடியும் முழங்கால் விசாரிப்பு, மறுபடியும் இரண்டு வரி. இம்முறை வந்த பதில்: மூல நிரல் நிறுவனத்தின் ரகசியம். பஹீஜா தொடையைத் தட்டிக்கொண்டாள். "இறங்கி வர்றாங்க பாரு. முதல்ல இல்லைன்னாங்க. இப்ப ரகசியம்ங்கறாங்க. இல்லாததுக்கு எதுக்குடா ரகசியம்?"

மூன்றாவதாக ஒரு இணைப்பு வந்தது. திறந்து பார்த்தால் ஊரெல்லாம் கிடைக்கிற வெறும் அடித்தளம். கம்பெனிக்காரன் அதில் சேர்த்துப் பிசைந்தது ஒன்றுமில்லை. பூஷயிப் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டாங்க" என்றான், கொஞ்சம் சந்தோஷமாகவே. பஹீஜா உதட்டைப் பிதுக்கினாள். "நல்ல கம்பளத்தை எவன்டா முதல்ல விரிப்பான்? மட்டத்தை விரிச்சிருக்கான். நான் எழுந்திரிக்க வேண்டிய நேரம் வந்தாச்சு."

பேரத்தில் எழுந்து நாலு எட்டு நடப்பது எல்லோரும் அறிந்த வித்தை. கடிதத்தில் எப்படி எழுந்து நடப்பது? பஹீஜா நடந்தாள். 'உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன், வென்ஜிங். இனி உங்களைக் கேட்கவில்லை. உங்கள் பெட்டியின் வயிற்றுக்குள் இந்த மாவைப் பிசைந்தவர்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன, அவர்களையே கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் கொடுத்த மாவை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ள விரும்பலாம். தாயாருக்கு என் சலாம்.'

நாலு எட்டுக்கூட முடியவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

தபாலில் வந்தது ஒரு வட்டு. கையேட்டில் வட்டு என்று எழுதியிருந்ததால் வட்டாகவே அனுப்பியிருந்தார்கள். சந்தை கூடிவிட்டது. ஒரு காலத்தில் நகலெடுத்த வட்டுகளால் கொழித்த தெருவில், நகலெடுக்கச் சொல்லியே ஒரு வட்டு வந்திருக்கிறதாம். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவரைப் பார்ப்பதுபோல் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் அதைப் போட்டுப் பார்க்க யாரிடமும் கருவி இல்லை. எல்லோரும் திரும்பிப் பூஷயிப்பைப் பார்த்தார்கள். அவன் முனகிக்கொண்டே பரணில் ஏறி, தன் பழைய சாம்ராஜ்யத்தின் கடைசி வட்டுப்பெட்டியைத் தூசி தட்டி இறக்கினான்.

வட்டோடு ஒரு சிறு துண்டுத்தாளும் இருந்தது. 'அம்மாவுக்கு முழங்கால் இப்போது தேவலை. இந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. வென்ஜிங்.' பஹீஜா அதை வாசித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, புகை என்றாள். புகை எதுவும் இல்லை.

நோய் இரண்டாம் நாளே அகப்பட்டது. ஸ்கோப் ஒவ்வொருமுறை அலையைப் பார்க்கும்போதும் தன் நினைவகத்திலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொள்கிறது. தின்றுவிட்டுக் கழுவி வைப்பதில்லை. தட்டெல்லாம் தீர்ந்ததும் அப்படியே நிற்கிறது. "ஆம்பளைங்க எழுதின நிரல்டா இது" என்றாள் பஹீஜா. தட்டைக் கழுவச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

அடுத்தது புதிய மென்பொருளைப் பெட்டிக்குள் ஏற்றுவது. ஏறும்போது பிசகினால் ஸ்கோப் வெறும் செங்கல்தான். இன்னொன்று வாங்க வழியில்லை. பூஷயிப்புக்கே வியர்த்தது. "யோசிச்சுக்கோக்கா. கடைப் பலகையும் போய், பெட்டியும் போயிடும்."

"பிஸ்மில்லா" என்று பொத்தானை அழுத்தினாள். திரை இருண்டது. இருண்டே இருந்தது. மீன் பொரிக்கிறவன்கூட அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தான். பஹீஜா மட்டும் ஸ்கோப்பைப் பார்க்கவில்லை. அவள் உதடுகள் யாருடைய நலத்தையோ விசாரித்துக்கொண்டிருந்தன. பிறகு பச்சைக் கோடு வந்தது. வந்து, நிற்காமல் ஓடியது.

ரமலானுக்கு முந்திய கடைசி வியாழன். ஹம்மாமின் முன்னறையில், ஹாஜ்ஜா தாமூவின் மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் ஸ்கோப். சுவருக்கு அந்தப்பக்கம் கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம். மதியம் சாய்ந்தது.

"உன் பெட்டி தூங்குதா?" என்றாள் ஹாஜ்ஜா.

"காவல் இருக்கு."

உள்ளேயிருந்து யாரோ தேய்த்துவிடுகிற ஆளைக் கேட்டுக் கத்தினார்கள். ஹாஜ்ஜா சலித்துக்கொண்டு, மெத்தைக்கு அடியில் இருந்த மின்மணியை மூன்று முறை அழுத்தினாள். திரையில் ஓர் ஊசி நட்டுக்குத்தலாக எழும்பியது. உறுமல் நின்றது.

பஹீஜா பின்பக்கம் போய்த் தீயை மூட்டிவிட்டு வந்தாள். "ஹாஜ்ஜா, இன்னொரு தரம் அடிங்க."

"எதை?"

"மணியைத்தான்."

ஹாஜ்ஜா அழுத்தினாள். ஊசி எழும்பியது. உறுமல் நின்றது. உள்ளேயிருந்து மணப்பெண்ணின் அலறல் வந்தது.

"வியாழக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. நீங்க மணியடிக்கறதும் ஜாஸ்தி. கல்யாணப் பொண்ணுங்களை இத்தனை நாளாக் குளிர வெச்சது யாருன்னு குவிமாடத்துக்குக் கேக்கற மாதிரி சொல்லட்டா?"

ஹாஜ்ஜா மணியையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "இந்த மணியை எனக்கு வித்ததே உன் சந்தைதான்டி" என்றாள்.

மின்துடிப்பை விழுங்கிவிடுகிற மிளகளவு ஒரு துணுக்கை மணியின் கம்பிகளுக்கு நடுவே பற்றவைத்தாள் பஹீஜா. பிறகு ஹாஜ்ஜா ஆசைதீர அடித்தாள். கொதிகலன் அசையவில்லை. உள்ளே சுடுதண்ணீர் பட்ட பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை துறைமுகம்வரை கேட்டது, இரண்டு கப்பல்கள் பதிலுக்கு ஊதின என்பார்கள். ஒரு கப்பல்தான் ஊதியது.

போன வாரம் பூஷயிப் தன் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்து பஹீஜாவின் கணினி முன்னால் உட்கார்ந்தான். அவன் வைத்திருக்கும் ஒரு பெட்டிக்கும் அதே மாதிரி நோயாம். கம்பெனிக்கு எழுத வேண்டுமாம். ஒற்றை விரலால் தட்டினான். உடம்பு நலமா, வீட்டில் நலமா, உங்கள் ஊரில் மழை எப்படி என்று எல்லாம் ஒழுங்காகவே வந்தது. பிறகு நெற்றியைச் சொறிந்துகொண்டு எழுதினான்: 'தயவுசெய்து மூல நிரலைக் கொடுத்து உதவ வேண்டும்.'

"பொது மாவுடா இது" என்று பஹீஜா அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, 'தயவுசெய்து' என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.